இனி எதைப் படிப்பது?

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் "நானும் ஏதாவது படிக்கலாமா?" என்று கேட்கும் சகோதரிகள் பலர். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குபவர்களுக்கு இக்கேள்வி இன்னும் அவசரமானது. அயல்வீட்டுப் பிள்ளை கணினி படிக்கிறாள் என்பதற்காக நாமும் அதற்கு ஓடவேண்டியதில்லை.

பல வருடம் தைத்தவர், சமைத்து விற்றவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. வகுப்புக்குப் போகாமலே, வேலையைச் செய்துகாட்டி, 'முன்கற்றல் அங்கீகாரம்' மூலம் தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் பெறலாம். தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. கைத்தொழிலாளருக்குரியவை முதல் 4.

புதிதாகப் பயில்பவர்கள் காசு கட்டுமுன், நிலையம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா எனக் கேளுங்கள். பதிவில்லாத இடத்துச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். வகுப்பு முடிந்தபின் ஊருக்கு பஸ் உண்டா, அதுவரை பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.