கடதாசியும் கரைவலையும்

மட்டக்களப்புக்குத் தெற்கே கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்கள் உழைப்பாற் பெயர் பெற்றவை. மருதமுனையின் கைத்தறியும், சம்மாந்துறையின் நெல்வயலும், சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளின் கரைவலையும் தலைமுறை தலைமுறையாக இம்மக்களுக்குச் சோறு போட்டவை. இவ்வூர்களில் இன்று, கையிலே தொலைபேசியும் நெஞ்சிலே ஆசையும் கொண்ட மாணவர் சிலர், "கடதாசி விளையாடியே பிழைக்கலாமாமே, மெய்தானா?" என்று எம்மிடம் வினவுகின்றனர். வினவியவரைக் கடிந்து அனுப்புதல் எளிது. ஆயின் கணக்கோடு விடை கூறுவதன்றோ ஆசிரியர் கடன்?

அவர்கள் கருதுவது போக்கர் என்னும் ஆட்டத்தை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களின் வழியே பரவிய ஆட்டம் இது. இன்று பெருவழக்காயுள்ள டெக்சாஸ் முறையில், 52 கடதாசிகளுள் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டும், யாவருக்கும் பொதுவாக நடுவில் ஐந்தும் இடப்படும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் லாஸ் வேகாஸ் நகரப் பெரும் போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றதும், உலகெங்கும் இளைஞர் கண்கள் அங்கே திரும்பின. ஆனால் இதனையே பிழைப்பாகக் கொண்டோருட் பலர் அத்தகைய பெரும் போட்டிகளை நம்பியிருப்பவரல்லர். ஒரு டொலரும் இரண்டு டொலரும் கட்டாயப் பந்தயமாக வைக்கும் சிறு மேசைகளிலே, இரவு தோறும் அமர்ந்து, சிறிது சிறிதாகச் சேர்ப்பவர்கள் அவர்கள்.

இதிலே திறமை இல்லையென்று நாம் சொல்லோம். விடுதிக்காரன் இங்கே பந்தயம் வைப்பதில்லை. ஆடுவோர் தம்முள்ளேயே மோதுகின்றனர். ஆதலால் வாய்ப்பைக் கணிக்க வல்லவன், பொறுமையுடையவன், பிறர் முகக்குறிப்பை அறிபவன் நெடுநாளிலே முந்துவான். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் போக்கரையும் அவ்வாறே கொண்டது. எனினும் 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையாயினும் தற்செயலாயினும், இணையவழிப் பண ஆட்டம் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமை உண்டா என்பது ஒரு வினா. அது வாழ்வுக்குத் துணையாகுமா என்பது வேறொரு வினா.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒன்பது பேர் தலைக்கு 200 டொலர் கொண்டு அமர்ந்தால் மேசையில் இருப்பது 1,800 டொலர். மணிக்கு 30 ஆட்டம் நடந்து, ஆட்டத்துக்குச் சராசரி 3 டொலரை விடுதி தன் பங்காக எடுக்குமாயின், மணிக்கு 90 டொலர் போய்விடும். பத்து மணிநேரத்தில் 900 டொலர் மறையும். புதிதாய்ப் பணம் வாராவிடின், வந்ததிற் பாதியை விடுதியே விழுங்கிவிடும்!

அதனையும் வென்று மணிக்கு 10 டொலர் ஈட்டுகிறான் ஒரு வல்லவன் என்போம். ஒரு மணிக்குரிய ஏற்றவிறக்கம் 100 டொலர் அளவினது எனக் கொள்வோம். நூறு மணிநேரத்தில் அவன் எதிர்பார்க்கும் வருவாய் 1,000 டொலர். நூறின் வர்க்கமூலம் பத்து ஆதலின், ஏற்றவிறக்கமும் அதே 1,000 டொலர். எனவே இரவுக்கு ஐந்து மணியாக இருபது இரவு கண்விழித்தும், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு அவன் நட்டத்தோடு எழுவதற்கே உண்டு. வல்லவன் கதியே இதுவானால், தன்னை வல்லவனென்று எண்ணிக்கொண்டவன் கதி யாது?

நம் நாட்டிலோ நிலை இன்னும் கடினம். கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இல் வந்தது. அவ்விடுதிகள் இருப்பது கொழும்பில். உள்நாட்டவர் நுழைவதற்கான வரி 2025இல் 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டது. மணிக்குப் பத்து டொலர் ஈட்டுபவன் பத்து மணிநேரம் உழைத்து வாயிற்காசைத்தான் மீட்பான்! ஊழியர் சேமலாப நிதியில்லை; ஓய்வூதியமில்லை; பெண் கொடுக்க வருவோரிடம் சொல்லத்தக்க தொழிற்பெயரும் இல்லை.

"கடலுக்குப் போகிறவனும் அதிர்ஷ்டத்தைத்தானே நம்புகிறான்?" என்று கெட்டிக்கார மாணவன் ஒருவன் மடக்கக்கூடும். நல்ல வினா. கரைவலை இழுப்போர் சில நாள் வெறுங்கையோடு திரும்புவதுண்டு. ஆனால் அன்று அவர் இழந்ததை அயலான் மடியிற் கட்டிச் செல்லவில்லை. மீன் பட்ட நாளிலோ, வலைக்காரருக்கும் இழுத்தோருக்கும் பங்குண்டு, சைக்கிளிற் கூவி விற்பவருக்குக் கூலியுண்டு, ஊருக்குக் கறியுண்டு. கடலிலிருந்து உலகுக்குப் புதிதாய் ஒன்று வந்து சேர்கிறது. கடதாசி மேசையிலோ ஒன்றும் விளைவதில்லை; இருந்தது கைமாறுகிறது, குறைகிறது. அங்கே பிழைக்க விரும்புபவன், களைத்தவனும் குடித்தவனும் கணக்கறியாதவனும் எதிரே வந்து அமரவேண்டுமென்று நாள்தோறும் விரும்பவேண்டும். அயலானின் பிழையே அவனுக்கு அன்னம். மழை வேண்டுமென்று உழவன் கேட்கும் வேண்டுதலோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்!

இதனாலன்றோ நம் முன்னோர் யாவரும் ஒரே குரலில் விலக்கினர்? அல்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்திலே மதுவையும் சூதையும் சேர்த்தே தடுக்கிறது. வள்ளுவர் 'சூது' என ஓர் அதிகாரமே வகுத்தார். இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்துச் சூதாடியின் பாடலோ, காயை விட்டு நிலத்தை உழச் சொல்கிறது. கல்முனையிலே பள்ளிவாசலும் கோவிலும் அயலயலே நிற்பதுபோல, இவ்விடயத்தில் அறநூல்களும் அயலயலே நிற்கின்றன.

ஆகவே மாணவர்காள், போக்கர் கற்பிக்கும் வாய்ப்புக் கணக்கு உங்களைக் கவர்ந்தால், அதனை விட்டுவிட வேண்டாம். காப்புறுதி, வானிலை, நோய்த்தடுப்பு, மீன்வள ஆய்வு யாவும் அக்கணக்கை வேண்டி நிற்கின்றன. அதே மூளை, அதே பொறுமை. ஆனால் நீங்கள் வெல்லும்போது எதிரே ஒருவர் அழவேண்டிய தேவையில்லை.