அளவுகோலும் மனச்சான்றும்

நிலம் வாங்குவோர் பலர். அதனை அளக்க அறிந்தோர் சிலர். வீட்டுக்கு விலை கொடுப்போர் பலர்; அவ்விலை தகுமா என்று கணிக்க அறிந்தோர் சிலர். ஆதலால், வாழ்நாள் சேமிப்பையெல்லாம் ஒரு வீட்டிலோ நிலத்திலோ இடும் வேளையில் நாம் பிறர் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இந்நிலை இரட்டிப்பாக உண்டு. இங்கே நாம் வாங்கும் வீட்டை மதிப்பிடுகிறவர் முன்பின் அறியாதவர். ஊரில் விட்டு வந்த நிலத்தை அளக்கும்போதோ நாம் அருகில் இருப்பதில்லை. இவ்விருவர் தொழிலிலும் எழும் அறச் சிக்கல்கள் சிலவற்றை இங்கு ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு குடும்பத்தார் வங்கிக் கடன் பெற்று வீடு வாங்க முற்படுகின்றனர். பேசிய விலை 80 இலட்சம் ரூபாய், முன்பணமும் கொடுத்தாயிற்று. வங்கியின் சார்பில் வந்த மதிப்பீட்டாளர், அப்பகுதியில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை, கட்டடத்தின் வயது, தெருவின் அகலம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறார். 70 இலட்சமே தேறுகிறது. மதிப்பில் ஒரு வரம்புக்கு மேல் கடன் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே குடும்பத் தலைவர், "ஐயா, 80 என்றே எழுதிவிடுங்கள், இல்லையேல் முன்பணம் போய்விடும்" என்று மன்றாடுகிறார். அவர் தீயவர் அல்லர், கையூட்டும் தரவில்லை. இரக்கம் ஒரு பக்கமும் உண்மை ஒரு பக்கமுமாக மதிப்பீட்டாளரை இழுக்கின்றன.

அவர் செய்யத்தக்கது யாது? எண்ணை மாற்றினால், வங்கியில் பணம் போட்டிருக்கும் எண்ணற்றோரை அவர் ஏமாற்றியவராவார். அக்குடும்பத்துக்கும் அவர் நன்மை செய்தவராகார்; பெறுமதிக்கு மிஞ்சிய கடனை அவர்கள் பல்லாண்டு சுமக்க நேரிடும். ஆயினும், "முடியாது" என்ற ஒரு சொல்லோடு அவர் கடமை தீர்ந்துவிடவில்லை. தாம் ஒப்பிட்ட விற்பனைகளைக் கருத்தில் கொண்டு, கணக்கை மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். தாம் அறியாத விற்பனைப் பத்திரம் ஏதேனும் இருப்பின் காட்டுமாறு கேட்கலாம். சான்று புதிதாக வந்தால் மதிப்பு மாறலாம். வேண்டுகோளினால் மட்டும் மாறலாகாது. காரணங்களைத் தெளிவாக எழுதினால், அவ்வறிக்கையைக் கொண்டே விலையைக் குறைக்கும்படி விற்பவரிடம் பேசவும் வழி பிறக்கும்.

இத்தகைய இடர்களைச் சட்டமும் அறிந்திருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகள், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கென ஒரு நடத்தை நெறியை இணைத்துள்ளன. தம் நலன் குறுக்கிடும் இடங்களை முன்னதாகவே அவர் அறிவிக்க வேண்டும். காரியம் வெற்றி பெற்றால் கூலி என்னும் ஏற்பாடு கூடாது. கட்சிக்காரரின் வசதிக்கேற்ற மதிப்பீடு வழங்குவதை அந்நெறி பெயர் சொல்லியே விலக்குகிறது. அவ்விதிகளுக்கு உட்படாத மதிப்பீடுகளுக்கும் இவை நல்ல உரைகல்லாகும்.

இனி, பொய்யான விலை எவ்வளவு தூரம் பாயும் என்பதைக் காண்போம். முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தக் கருதி, கொடுத்த விலையைக் குறைத்துப் பத்திரத்தில் எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சில ஆண்டுகளில் ஒரு சாலைக்காக அரசு அவ்வூர் நிலத்தை எடுக்கிறது. 2014 சனவரி முதல் நடப்பிலுள்ள 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, முந்திய மூன்றாண்டுப் பத்திரங்களுள் உயர்ந்த விலையுடைய பாதிப் பங்கின் சராசரியும், முத்திரைச் சட்டத்தின்படி குறித்த மதிப்பும் ஒப்பிடப்படுகின்றன. இழப்பீட்டுக்கு மிகுதியானதே அடிப்படை. பத்திரங்களே பொய் சொன்னால் சராசரி எவ்வாறு மெய் சொல்லும்? தீர்வையில் சிறிது மிச்சம் பிடித்தவர் இழப்பீட்டில் பெரிதாக இழக்கிறார். ஒரு பொய்யும் எழுதாத அடுத்த நிலத்துக்காரரும் உடன் இழக்கிறார். உண்மை விலையை அறிந்த மதிப்பீட்டு அலுவலர் இங்குத் திகைக்கிறார். தாமே ஓர் எண்ணைப் புனைந்து எழுதவும் கூடாது. அறிந்ததை மறைக்கவும் கூடாது. நடப்பு விலையைக் காட்டாத பத்திரங்களைக் கணக்கினின்று நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. ஆதலின், ஐயத்தையும் அதற்கான சான்றையும் எழுத்தில் முன்வைப்பதே அலுவலருக்கு நேரிய வழி.

நில அளவையிலும் சிக்கல் உண்டு. கூலி கொடுத்து அழைத்தவரின் மதிற்சுவரே அண்டை நிலத்துக்குள் இரண்டடி புகுந்திருப்பதை அளப்பவர் காண்கிறார். "அதை எழுத வேண்டாம்" என்கிறார் அழைத்தவர். கூலி தருபவர் அவரேயாயினும் வரைபடம் அவருக்கு மட்டும் உரியதன்று. நாளை நீதிமன்றமும் வங்கியும் அண்டை வீட்டாரின் பேரப்பிள்ளைகளும் அதையே நம்புவர். வேலையை விட்டு விலகும் உரிமை அளப்பவருக்கு உண்டு. கோட்டை நகர்த்தும் உரிமை இல்லை.

இத்தொழிலுக்கு நல்ல முன்மாதிரி நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்பார் ஓர் அடிக்கோட்டை அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு மேற்கே சென்றவர், 1804-இல் பெங்களூர் அருகே வேறோர் அடிக்கோட்டை நிலத்தின்மீது நேராகவே அளந்து, தம் கணக்கைத் தாமே சோதித்தார். தம் எண்ணைத் தாமே ஐயுறும் இப்பண்பே அளப்போர்க்கு அணிகலன்.

நம் பங்கும் ஒன்று உண்டு. மதிப்பிட வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: எவற்றை ஒப்பிட்டீர்கள்? இதில் தங்களுக்கு நலன் ஏதும் உண்டா? காரணங்களை எழுத்தில் தருவீர்களா? ஊரில் நிலம் அளக்கப்படும்போது நம்பத்தக்க ஒருவரை அனுப்பி, புலப்பட நகலையும் கேட்டுப் பெறுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்காக ஓர் எண்ணைத் திருத்துமாறு எவரையும் வேண்டாதிருப்போம். நமக்காக இன்று வளையும் அளவுகோல் நாளை நமக்கெதிராகவும் வளையும்.