பானையில் ஒரு கதை, சுவரில் ஒரு கதை

புராணக் கதைகளை ஏட்டில் எழுதிவைத்தனர் புலவர். வண்ணத்தில் எழுதிவைத்தனர் ஓவியர். பண்டைய கிரேக்க நாட்டில் அவ்வண்ணக் கதைகளுக்குப் பெரிதும் இடந்தந்தவை மட்கலங்களாகும். மதுவும் எண்ணெயும் வைக்கும் சாடிகளின்மேல் கிரேக்கர் தம் தேவர்களையும் வீரர்களையும் தீட்டினர்.

கரிய உருவ ஓவியம் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரில் தோன்றிற்று; ஏதென்சு நகரம் அதனை வளர்த்தது. அக்கருமை சாயத்தால் வந்ததன்று. இரும்புச் சத்துள்ள நுண்ணிய களிமண் குழம்பால் உருவங்களை வரைந்து, சூளையில் முதலில் காற்றை விட்டும், பின் அடைத்தும், மீண்டும் திறந்தும் சுட்டனர். காற்றை அடைத்தபோது கலம் முழுதும் கறுக்கும். மீண்டும் காற்றுப் புகும்போது கலம் சிவக்க, குழம்பு பூசிய இடம் மட்டும் கருமை மாறாது நிற்கும். கி.மு. 530 அளவில் இம்முறை தலைகீழாயிற்று. பின்னணி கறுத்தது, உருவங்கள் செந்நிறத்தில் ஒளிர்ந்தன.

ஏதென்சைச் சேர்ந்த எக்சீக்கியாசு வனைந்து தீட்டிய சாடியொன்று இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. திராய்ப் போரின் பெருவீரர்களான அக்கிலீசும் ஏஜாக்சும் ஈட்டியைக் கையிலேந்தியவாறே குனிந்து காய் ஆடுகின்றனர். ஒருவர் வாயருகே 'நான்கு' என்றும், மற்றவர் வாயருகே 'மூன்று' என்றும் எழுதப்பட்டுள்ளது. இருவருமே திராய் மண்ணில் மாளப் போகிறவர்கள். அக்கதையை அறிந்தவர்க்கே இவ்விளையாட்டின் துயரம் விளங்கும். போர்க்களத்தை விடுத்து, அதனிடையே வாய்த்த அமைதியை வரைந்ததே ஓவியரின் திறம்.

நம் நாட்டிலும் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் உரோமானியக் கலங்களோடு தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. ஆயினும் நம் பழங்கலங்களில் நாம் காண்பவை பெரும்பாலும் பெயர்களும் குறியீடுகளுமே. புராணக் காட்சிகளுக்கு நம்மவர் தேர்ந்த இடம் கோயிற்சுவர்.

விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இதற்குச் சான்று. அங்கே ஒரு சிற்றாலயச் சுவரில் உமையம்மை மகுடந் தரித்து, குடை நிழலில், ஒரு காலை மடித்து ஒயிலாக நின்று சிவபெருமானின் ஆடலைக் காண்கிறாள். ஆடும் இறைவனின் ஓவியமோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆடியவன் மறைந்தான், கண்டவள் எஞ்சினாள். அவள் முகத்தின் கனிவிலிருந்தே அவ்வாடலை நாம் உணர வேண்டியுள்ளது.

சூளையில் சுட்ட கலம் உடைந்தாலும் அதன் நிறம் மாறாது; ஓடுகளை ஒட்டிவைத்துக் கதையைப் படித்துவிடலாம். சுண்ணச்சாந்தின்மேல் தீட்டிய ஓவியம் உதிர்ந்தால் மீளாது. ஈரமும் புகையும் பெயர் கீறும் கைகளும் அதன் பகைவர். ஒலக்கூர், திண்டிவனம் பகுதி மாணவர்களாகிய நமக்குப் பனைமலை தொலைவிலுள்ள ஊரன்று. சென்று, கண்ணாரக் கண்டு, கைபடாது திரும்புவதே அப்பெயர் தெரியா ஓவியனுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.