வரைபடத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா?

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர் கழிமுகம். 1996இல் ஒப்புதல் பெற்ற தமிழகக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அது கட்டுமானங்களுக்கு இடமில்லாத பகுதி. பிற்பாடு மாநில அதிகாரிகள் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியையே காணோம் என்று 2017இல் மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றம்சாட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய வரைபடங்களை அருகருகே வைத்துத்தான் அவர்கள் இதைக் காட்டினார்கள். அவர்கள் கணக்கில் பாதுகாப்பை இழந்தது சுமார் 6,500 ஏக்கர்.

ஓதம் ஏறி இறங்கும் ஓர் ஆற்றையே தாளில் இல்லாமல் ஆக்க முடியும் என்றால், வலை காயப்போடும் மணல்மேடும் கருவாட்டுக் களமும் எந்த மூலை? கடலோரத்தில் இருப்பவர்கள் பட்டாவைப் பத்திரப்படுத்தும் அதே கவனத்தோடு கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணூரில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் பலர். அனல்மின் நிலையத்தின் குழாய்கள் உடைந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் அந்தச் சேற்றோடு கலந்து ஆற்றையே மேடாக்கிவிட்டது. கைவைத்தால் சாம்பல் வருகிறது. ஆழம் போன இடத்தில் இறாலும் போய்விடுகிறது.

ஆபத்து கரையோரத்தில் மட்டும் பிறப்பதில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தில் திறக்கும் உபரி நீர் எண்ணூர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மணலியின் மழைநீர் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி அதே கழிமுகத்துக்கு வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் வந்து படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் அப்பியது இந்த வழியில்தான். ஆகவே மழை விழும் இடத்திலிருந்து முகத்துவாரம் வரை ஏரி, கால்வாய், தாழ்நிலம் எல்லாவற்றையும் ஒரே படமாகக் காட்டும் நீர்ப்பிடிப்பு வரைபடம் இல்லாமல் கடலோர நிலத்தைத் திட்டமிடவே கூடாது. நம்மிடம் நடப்பது வேறு. கடலோர வரைபடம் சுற்றுச்சூழல் துறையிடம், முழுமைத் திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.), புல வரைபடம் வருவாய்த் துறையிடம், ஆறும் ஏரியும் நீர்வளத் துறையிடம். தண்ணீருக்கு இந்தத் துறைப் பிரிவினை தெரியாது.

இப்போது நடப்பில் உள்ளது 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அது செல்லும். கழிமுகம், உப்பங்கழி, ஓதம் ஏறும் ஆறு ஆகியவற்றின் கரைகளில் 50 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அதுவரைதான். 2011 அறிவிக்கையில் இது 100 மீட்டராக இருந்தது. ஆற்றங்கரைக் குப்பங்களின் காப்பு பாதியாகக் குறைந்ததை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

அதே அறிவிக்கை நமக்குச் சாதகமாகவும் பேசுகிறது. மீனவ கிராமங்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள், இறங்குதளங்கள், ஐஸ் ஆலைகள் ஆகியவற்றைப் புல எண் தெரியும் அளவுகொண்ட வரைபடத்தில் காட்ட வேண்டும். மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு அரசு தனித் திட்டம் வகுக்க வேண்டும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டக் கடமை. ஆனால் 2023 ஆகஸ்டில் வரைவு வரைபடங்கள் மீது கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்பு நடந்தபோது, ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஊர் வரைபடத்தைச் சரிபார்க்க நிபுணர் வேண்டியதில்லை. பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய நாளில், ஓதம் முழுதாக ஏறும் நேரத்தில், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். உப்பு பூத்த மண்ணும் உமரிச் செடியும் இருந்தால் அங்கே கடல்நீர் வந்து போகிறது என்று பொருள். அது உவர் சதுப்பாக இருந்தால் அந்த அறிவிக்கையின் மிகக் கடுமையான முதல் வகைப் பாதுகாப்புக்கு உரியது. வருவாய்க் கணக்கில் அதே இடம் வெறும் தரிசாகவோ புறம்போக்காகவோ எழுதப்பட்டிருக்கலாம். வேறு திட்டத்துக்கு முதலில் கைமாறுவது இப்படிப்பட்ட நிலம்தான். அதன் புல எண், பயன்பாடு, படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். கருத்துக்கேட்பில் "எங்களுக்குப் பாதிப்பு" என்று மட்டும் சொன்னால் ஒரு வரியில் கடந்துபோவார்கள். "இந்தப் புல எண்ணில் வலை உலர்த்துகிறோம், வரைபடத்தில் அது இல்லை" என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். பெண்கள் பயன்படுத்தும் இடங்களைப் பெண்களே சொல்லட்டும். கருவாட்டுக் களத்தை ஆண்கள் மறந்துவிடுவதுண்டு.

வரைபடம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தமிழிலேயே கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். விதிமீறிய கட்டுமானம், மண் கொட்டுதல், சாம்பல் கசிவு போன்றவற்றை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். அந்தக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேளுங்கள். இருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையில்தான். வக்கீலுக்குக் காசில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், புயல் வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும்.

தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான கெடுவைத் தவறவிடாதீர்கள். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டுகள் உண்டு. பொதுவான சூழல் வழக்குகளுக்கோ, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். உங்கள் ஆற்றில் முதல் லாரி மண் விழுந்த தேதியை இன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.