குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில்...

உங்களிடம் ஒரு கேள்வி. நடுச்சாமத்தில் உங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுகிறது. கிறிஸ்தவக் குடும்பம். குருவானவர் இருப்பதோ சிரம்பானில், அல்லது அதற்கும் அப்பால். மறுநாள் அவருக்கு வேறு இரண்டு ஊர்களில் ஆராதனை. பிணத்தை எத்தனை நேரம் போட்டு வைத்திருப்பது? ஜெபம் சொல்லி மண்ணில் வைப்பது யார்?

சுவா பெத்தோங், தானா மேரா, பிராட்வால், சிலியாவ், லுக்குட் என்று போர்டிக்சன் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கிறிஸ்தவர்கள் அங்கே எப்போதும் சிறு கூட்டம்தான். ஒரு லயத்தில் இரண்டு குடும்பம், அடுத்த தோட்டத்தில் மூன்று குடும்பம். இத்தனை சிதறிக் கிடக்கும் மக்களுக்குத் தனியாக ஒரு குருவானவரை வைத்துச் சம்பளம் கொடுக்க எந்தச் சபையாலும் முடிந்ததில்லை. இன்று நிலைமை இன்னும் சிக்கல். கித்தா மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் காலியாகிவிட்டன. ஒரே பெரட்டில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று பத்துத் தாமான்களில் பிரிந்து கிடக்கிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க ஆங்கிலிக்கன் திருச்சபை ஒரு வழி வைத்திருக்கிறது. சபையாரிலேயே ஒருவரைத் தேர்ந்து, படிக்க வைத்து, பேராயர் கையெழுத்திட்ட அனுமதிப் பத்திரம் கொடுத்து, "நீ நடத்து" என்று நிறுத்துவது. 'லே ரீடர்' என்று நம்மவர்கள் சொல்வது இவரைத்தான். அவர் குருவானவர் அல்ல. சம்பளக்காரரும் அல்ல. வாரம் முழுவதும் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கியைப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கிறவர். மற்ற சமயத்தைச் சேர்ந்த வாசகர்களும் தொடர்ந்து படிக்கலாம். பூசாரி யார், அவரை நியமிப்பது யார் என்ற பேச்சு நம் மாரியம்மன் கோயில் கமிட்டிக் கூட்டங்களில் எழாமலா போகிறது?

இது வெள்ளைக்காரர் நமக்குச் சொல்லிக் கொடுத்த புது வழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டுச் சபைகளை ஊர் ஊராகத் தாங்கி நின்றவர்கள் உபதேசியார்களே. கடலூரைச் சேர்ந்த ஆரோன் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்த பிறகே 1733ஆம் ஆண்டு டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்தாந்து சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று இலங்கையில் இருக்கிறது. 1854இல் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களில் வேலைக்கு வந்த தமிழர்களுக்காக ஆங்கிலிக்கன் மிஷன் ஒன்று தொடங்கியது. தோட்டத் துரைமார் சிலரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. அந்தக் காலத்தில் யாரும் வெட்கப்படவில்லை. தோட்டம் தோட்டமாக நடந்துபோனவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். குருப்பட்டம் இல்லை, கையில் வேதப் புத்தகம் இருந்தது, வாயில் நம் மொழி இருந்தது. கூலி வாங்கும் சனத்தோடு லயத்து வாசலில் உட்கார்ந்து பேச அது போதுமானதாக இருந்தது.

அதே திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909 வரை குருப்பட்டம் பெறாதவர். அதற்கு முன்பே 1903இல், இந்தியர்களே பணம் போட்டு இந்தியர்களே ஊழியம் செய்யும் ஒரு மிஷனரிச் சங்கம் உருவாக முன்னின்றார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. அங்கும் அவர் நம்பி நின்றது கிராமத்து ஆசிரியர்களைத்தான். அந்த ஆசிரியர்களோடு அவர்கள் மனைவிமாருக்கும் பயிற்சி கொடுத்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வீட்டுக்கு வந்தவர்களை விசாரிப்பதும், நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் எந்த ஊரிலும் பெண்கள் செய்கிற வேலைதானே!

நம் நாட்டுக்கு வருவோம். ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், பேராயர் லியோனார்ட் வில்சனைச் சாங்கியில் அடைத்தார்கள். வெள்ளைக்காரக் குருமார்களும் சிறைப்பட்டிருந்த அந்நாளில் சபைகளின் பாரம் ஆசியக் குருமார் சிலர் மீதும் சபையார் மீதும் விழுந்தது. அடுத்து வந்தது 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். தோட்ட ரோட்டில் பயணம் செய்வதே உயிருக்கு ஆபத்து. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு மிஷனரிமார் தங்கும் காலத்துக்கும் வரம்பு வந்தது. 1970இல் மேற்கு மலேசியப் பேராயம் தனியாகப் பிரிந்தது. 1973 முதல் 1994 வரை அதை நடத்தியவர் பேராயர் ஜான் குருபாதம் சவரிமுத்து, ஒரு தமிழர். ஆக, வெளியிலிருந்து ஆள் வந்து காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை படிப்படியாகக் கரைந்து, உள்ளூர்க்காரரே தோள் கொடுத்தாக வேண்டிய நிலை வந்தது.

சரி, லே ரீடர் என்னென்ன செய்யலாம்? காலை ஜெபம், மாலை ஜெபம் நடத்தலாம். வேதபாடம் வாசிக்கலாம். அனுமதிப் பத்திரத்தில் இடம் இருந்தால் பிரசங்கமும் செய்யலாம். திருவிருந்தில் குருவானவருக்கு உதவியாக நிற்கலாம். பல பேராயங்களில், பேராயர் அனுமதித்தால் அடக்க ஆராதனையும் நடத்தலாம். அப்பமும் ரசமும் வைத்துத் திருவிருந்தைப் பிரதிஷ்டை செய்வது மட்டும் குருவானவருக்கே உரியது. பாவமன்னிப்பு அறிவிப்பதும் அப்படியே.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். குருவானவர் ஆசீர்வாதம் கூறும்போது "உங்களோடு" என்பார். லே ரீடர் "நம் அனைவரோடும்" என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான் மாறுகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லில் அவர் நிற்கும் இடம் தெரிந்துவிடுகிறது. அவர் மேலே நின்று கொடுப்பவர் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்களோடு சேர்ந்து கேட்பவர்.

ஞானஸ்நானம் பற்றித் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிறந்த குழந்தை பிழைக்காது என்ற ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்க லே ரீடர் கூட வேண்டியதில்லை. எந்தக் கிறிஸ்தவரும் தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே கொடுக்கலாம். குழந்தை பிழைத்துக்கொண்டால் குருவானவரிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் முறை கொடுப்பதில்லை. இது தெரியாமல், ஐயர் வந்து சேரவில்லையே என்று ஆயுள் முழுக்க நெஞ்சில் பாரம் சுமக்கும் தாய் ஒருத்தி இருந்தாலும் அது நம் குறைதான்.

"நாலு பாட்டுத் தெரியும், ஜெபம் பண்ணத் தெரியும், அப்புறம் எதற்கு லைசென்ஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்திரம் ஊழியருக்கு மரியாதை என்று எண்ணுகிறோம். என் கணக்கில் அது சபைக்குப் பாதுகாப்பு. இன்ன சபையில், இத்தனை காலத்துக்கு, இன்னின்ன வேலைக்கு என்று எல்லை போட்டுக் கொடுக்கப்படுவது அது. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பேராயர் திரும்பப் பெற்றுக்கொள்வார். துக்க வீட்டில் நுழைகிறவர், நோயாளியின் படுக்கையருகே உட்காருகிறவர், பிள்ளைகளைத் தனியே கூட்டிப் படிப்பிக்கிறவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வாய்ச் சாமர்த்தியம் ஒன்றை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்டு காணிக்கைத் தட்டைத் தூக்குபவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

இங்கிலாந்துத் திருச்சபையில் இந்த ரீடர் பதவி 1866இல் மறுபடியும் உயிர் பெற்றது. பெண்களுக்கு அது கிடைக்க 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! அமெரிக்காவில் எப்பிஸ்கோப்பல் சபை என்ற பெயரில் இருப்பதும் இதே குடும்பம்தான். அவர்கள் வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி கொடுக்கிறார்கள். ஆராதனை நடத்த ஒன்று, பிரசங்கத்துக்கு ஒன்று, திருவிருந்துப் பாத்திரம் ஏந்த ஒன்று, வீட்டோடு முடங்கிய நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோக ஒன்று, புதியவர்களுக்கு உபதேசிக்க ஒன்று. நல்ல யோசனை. மேடையில் நிற்கக் கூச்சப்படும் ஒரு பாட்டி, நோயாளி வீட்டுக்குப் போய் வருவதில் எந்தப் பிரசங்கியாரையும் தோற்கடித்துவிடுவார்.

படிப்புக்கு என்ன வழி? மூன்று நான்கு வருடம் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் போய் உட்கார, குடும்பத்தை யார் பார்ப்பது? இதே கேள்வி 1963இல் மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டில் எழுந்தது. நாட்டுப்புறத்துச் சபைத் தலைவர்களால் வீட்டையும் வேலையையும் விட்டு வர முடியாது என்று கண்ட இறையியல் கல்லூரி ஒன்று, பாடத்தையே அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பியது. வீட்டில் படிப்பு, வாரம் ஒருமுறை அக்கம்பக்கத்தாரோடு கூடி ஆசிரியருடன் விவாதம். இந்த முறை 1971இல் இந்தியாவுக்கும் வந்தது. நம் நாட்டில் 1979இல் தொடங்கிய மலேசிய இறையியல் செமினரி இன்று சிரம்பானில் இருக்கிறது. போர்டிக்சனிலிருந்து ஒரு பஸ் தூரம்.

ஆர்வம் உள்ளவர்கள் முதலில் போக வேண்டியது கல்லூரிக்கு அல்ல. தம் சபைக் குருவானவரிடம். அவரும் சபைக் குழுவும் சிபாரிசு செய்தால்தான் மேற்கொண்டு நடக்கும். குடும்பத்தில் கலந்து பேசிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் சனிக்கிழமை மாலையும் இனி வீட்டுக்கு இல்லை என்பதை மனைவியோ கணவரோ முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கையில் வாசிப்புப் பழக்கம் வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவராயினும், தமிழ்ப் பத்திரிகையை விடாமல் வாசிப்பவராக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியவர்தான். கண்ணாடி தேவைப்பட்டால் அதை முதலில் வாங்கிவிடுங்கள். பெரிய எழுத்து வேதாகமமும் ஒன்று. அடக்க ஆராதனை எப்போதும் பகல் வெளிச்சத்தில் நடப்பதில்லை.