உங்களுக்குத் தெரியுமா? பெர்ல் சர்வரும் செஷன் சிக்கல்களும்

● எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. சற்றுமுன் லாகின் செய்தவர்தான் இப்போது அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. இதற்காகவே நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 1994-ல் குக்கீயை உருவாக்கினார். அடையாள எண்ணை மட்டும் குக்கீயில் அனுப்பிவிட்டு, மற்ற விவரங்களை சர்வரிலேயே வைத்துக்கொள்வதுதான் செஷன்.

● சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பெர்ல் புதிதாகத் தொடங்கி, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். மாட்_பெர்ல் அப்படியல்ல. பெர்லை அப்பாச்சி சர்வருக்குள்ளேயே உட்காரவைத்து, நிரலை நினைவகத்தில் வைத்திருக்கிறது. வேகம் பல மடங்கு கூடுவது அதனால்தான். பல சிக்கல்கள் பிறப்பதும் அதனால்தான்!

● ராமு லாகின் செய்தால் சோமுவின் பெயர் தெரிகிறதா? செஷனைச் சந்தேகிக்கும் முன் நிரலைப் பாருங்கள். மாட்_பெர்லின் ரெஜிஸ்ட்ரி, உங்கள் ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரு சப்ரூட்டினுக்குள் பொதிந்துவிடுகிறது. அதற்குள் நீங்கள் எழுதிய சப்ரூட்டின், வெளியே 'மை' என்று அறிவித்த மாறியை நேரடியாகப் பயன்படுத்தினால், முதல் கோரிக்கையில் வந்த மதிப்பையே பிடித்துக்கொள்ளும். எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால், அந்த மாறி 'வில் நாட் ஸ்டே ஷேர்ட்' என்று பெர்லே சொல்லிவிடும். மதிப்பை ஆர்க்யுமென்ட்டாக அனுப்புங்கள், பிரச்சினை தீர்ந்தது.

● இந்தப் பிழை சில நேரம் வருவதும் சில நேரம் வராததும் ஏன்? அப்பாச்சியின் ஒவ்வொரு சைல்டு புராசஸும் தனக்கென ஒரு நினைவகம் வைத்திருக்கிறது. கோரிக்கை எந்தப் புராசஸுக்குப் போகிறதோ, அதைப் பொறுத்து விடை மாறும். சோதனைக் கணினியில் பெரிய எழுத்து 'எக்ஸ்' விருப்பத்துடன் அப்பாச்சியைத் தொடங்கினால் ஒரே புராசஸ்தான் ஓடும். பிழை ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

● மாட்யூலைத் திருத்தியும் பழைய விடையே வருகிறதா? ஒருமுறை ஏற்றிய மாட்யூலைப் பெர்ல் மறுபடி படிப்பதில்லை. சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். உருவாக்கக் கட்டத்தில் அப்பாச்சி2::ரீலோட் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

● அப்பாச்சி தொடங்க மறுத்து, 'பெர்ல்' என்று ஆரம்பிக்கும் கட்டளையை 'இன்வேலிட் கமாண்ட்' என்கிறதா? ஒன்று, எழுத்துப்பிழை இருக்கும்; இல்லையென்றால் மாட்_பெர்ல் ஏற்றப்படவில்லை. அந்த வரியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, பெரிய எழுத்து 'எம்' விருப்பத்துடன் அப்பாச்சியை இயக்கினால், ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலைக் காட்டும்.

● பெர்லைப் புதுப்பித்ததும் மாட்யூல்கள் காணாமல் போனால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். 2015-ல் வந்த 5.22 பதிப்பிலிருந்து சிஜிஐ.பிஎம் பெர்லோடு சேர்ந்து வருவதில்லை; தனியாக நிறுவ வேண்டும். 2017-ல் வந்த 5.26 பதிப்பிலிருந்து, நடப்பு அடைவில் பெர்ல் தானாகத் தேடுவதும் இல்லை.

● அப்பாச்சி::செஷன் மாட்யூலில் சேமித்த ஷாப்பிங் கார்ட் மாறவே இல்லையா? செஷன் ஹேஷின் மேல்மட்டத்தில் மாற்றம் உண்டா என்று மட்டுமே அது பார்க்கும். உள்ளே இருக்கும் அரேயில் புதுப் பொருளைச் சேர்த்தால் அது அதற்குத் தெரியாது, சேமிக்காமலே விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் மேல்மட்டத்தில் நேரமுத்திரை ஒன்றை எழுதுங்கள். எல்லாம் சேர்ந்து சேமிக்கப்படும்.

● பக்கம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? மாட்_பெர்லில் அப்பாச்சி::செஷன் ஹேஷைக் குளோபல் மாறியில் வைத்தால், கோரிக்கை முடிந்த பிறகும் அது அழியாது, செஷன் மேல் போட்ட பூட்டும் விடுபடாது. அதே செஷனைக் கேட்கும் இன்னொரு புராசஸ் காத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் 'அன்டை' செய்துவிடுங்கள்.

● சிஜிஐ::செஷன் மாட்யூல், ஆப்ஜெக்ட் அழியும்போது தானாகச் சேமிக்க முயலும். அதற்குள் தரவுத்தள இணைப்பு அழிந்துவிட்டால் சேமிப்பு நடக்காது. 'ஃப்ளஷ்' என்று நாமே அழைப்பதுதான் பாதுகாப்பு.

● குக்கீயின் 'பாத்' முக்கியம். தலைப்பு வரியைக் கையால் எழுதி, பாத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தப் பக்கம் இருக்கும் அடைவுக்குள் மட்டுமே குக்கீ செல்லும். முகப்புப் பக்கத்துக்குப் போனதும் பயனாளர் 'லாகவுட்' ஆனதுபோல் தெரிவார்.

● தாய்ப் புராசஸ் சைல்டுகளாகப் பிரிவதற்கு முன், பெர்லில் சீரற்ற எண் தரும் 'ரேண்ட்' அழைக்கப்பட்டால், எல்லா சைல்டுகளும் ஒரே சீடைப் பெறும். ஒரே வரிசையில் எண்களைத் தரும். செஷன் எண்ணை 'ரேண்ட்' கொண்டு உருவாக்கவே கூடாது. இயங்குதளம் தரும் பாதுகாப்பான சீரற்ற எண்ணே சரி.

● செஷன் போன்ற விவரங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள, பெரிய தளங்கள் பலவற்றில் பயன்படும் மெம்கேஷ்டு 2003-ல் பிறந்தது. லைவ்ஜர்னலுக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை முதலில் எழுதிய மொழி பெர்ல். பிறகுதான் அது சி மொழிக்கு மாறியது.

● உலாவியில் தெரியும் '500' பிழை எதையும் விளக்காது. உண்மையான காரணம் சர்வரின் எரர் லாக்கில் இருக்கும். ஆகவே, நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றும் முன்பு லாக்கின் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள்!