நியூயார்க்கின் அடியில் ஒரு மயானம்



1991-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் பிராட்வே சாலையை ஒட்டி, அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டும் வேலை. மண்ணை எடுக்க எடுக்க, மனித எலும்புகள் வெளிப்பட்டன.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களுடைய சந்ததியினரும் புதைக்கப்பட்ட இடம் அது. அந்தக் காலத்தில் நகரத்துத் தேவாலயக் கல்லறையில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதனால் ஊருக்கு வெளியே இருந்த நிலத்தில் தங்கள் மக்களை அடக்கம் செய்தார்கள். 1794-இல் அந்த மயானம் மூடப்பட்டது. பிறகு மண் கொட்டி மேடாக்கி, மேலே வீதிகளும் கட்டடங்களும் எழுப்பிவிட்டார்கள்.

தோண்டியபோது கிடைத்தவை 419 பேரின் எச்சங்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள். அங்கே அடக்கமானவர்கள் மொத்தம் சுமார் 15,000 பேர் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

முன்னோரின் உடல்களுக்கு மரியாதை வேண்டும் என்று கறுப்பின மக்கள் போராடினார்கள். தோண்டும் வேலை நின்றது. ஹோவர்ட் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, 2003-இல் அந்த எச்சங்கள் அதே மண்ணில் முறைப்படி மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

நியூயார்க்கைக் கட்டியெழுப்பியவர்களில் இவர்களும் உண்டு. அந்த உண்மைக்கு இன்று அரசே சாட்சி.